தேய்ந்த டிரெய்லர் அச்சைச் செப்பனிடுதல்: ஓர் அபிப்பிராயம்

சம்பா அறுவடையாகி நெல்லும் வைக்கோலும் வீடு வந்து சேரும் தை, மாசி மாதங்களிலும், ஆலைக்குக் கரும்பு போகும் காலத்திலும், நமது கிராமச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணாதவர் இரார். பாரம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் சக்கரம் தனியே கழன்று வாய்க்காற் கரையிற் கிடக்கும். டிராக்டர்க்காரர் மதகுக் கட்டையின்மேல் உட்கார்ந்து, டவுனிலிருந்து ஆள் வருகிறானா என்று வழி பார்த்துக்கொண்டிருப்பார். என்ன நேர்ந்ததென்று விசாரித்தால், "பேரிங் போய்விட்டது" என்பதே விடை. பேரிங் போனது உண்மைதான். அது ஏன் போயிற்று என்ற அடுத்த கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே.

அந்தக் கேள்வியை விடாமற் கேட்டுக்கொண்டு போனால், அநேகமாய் நாம் வந்து சேரும் இடம், அச்சின் உட்புறத்தில் ஆயில் சீலின் உதடு பட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு வளையத் தடமேயாகும். அதன் அகலம் ஒரு விரற்கடைகூட இராது. அந்தத் தடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டால் அதன்மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது. இதை அறியாமல் சீலை மாற்றுவதும், சில வாரங்களில் அது மறுபடி ஒழுகுவதும், கடைக்காரர் கொடுத்த சரக்கு மட்டமென்று நிந்திப்பதும், கடைசியிற் பேரிங்கையே இழப்பதும் நம் குடியானவர்களிடையே வழக்கமாகிவிட்டன. சீலை மாற்றுமுன் தடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும், அதை வெல்டிங் கம்பியைக் கொண்டு செய்யலாகாது என்பதுமே நான் இங்கே வற்புறுத்த விரும்புவன.

மரவண்டி ஓட்டிப் பழகிய முதியோர்க்கு இது புதுச் சங்கதியாகத் தோன்றலாம். மரவண்டியில் இரும்பு அச்சின்மேல் குடம் நேரே உரசிக்கொண்டு சுழலும். வேளாவேளைக்கு வண்டிமை இட்டுவந்தாற் போதும். மண்ணும் நீரும் உட்புகுந்தால் கொஞ்சம் தேய்மானம் உண்டாகும், சக்கரம் ஆடும், ஆயினும் வண்டி ஊர் போய்ச் சேரும். அச்சே முறிந்துபோவது வேறு விஷயம். அதற்கஞ்சித்தான் முற்காலத்து உப்பு வணிகர் மாற்று அச்சொன்றை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு சென்றனர் என்று புறநானூற்றிற் காண்கிறோம். டிரெய்லரின் சக்கரமோ அவ்வாறு உரசிச் சுழல்வதன்று. ஹப் என்னும் இரும்புக் குடத்தினுள் உள்ளும் புறமுமாக இரண்டு பேரிங்குகள் அமைந்து, அவற்றிலுள்ள கூம்பு வடிவ உருளைகளின்மேல் பாரம் முழுவதும் ஓடுகிறது. இவ்வகைப் பேரிங்குக்கு 1898-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் என்பவர் குதிரை வண்டி செய்யும் தொழிலாளர். வண்டி திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும், மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் ஒருங்கே தாங்குவதற்கு அவர் கண்ட உபாயம் இது. ஆகவே இதுவும் வண்டித் தொழிலிற் பிறந்த பொருளேயன்றி நமக்கு அந்நியமானதன்று.

ஆனால் மரவண்டியின் அச்சு பொறுத்ததைப் பேரிங் பொறுக்காது. அதன் உருளைகளும் அவை ஓடும் வளையங்களும் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டவை. சேற்று நீர் சிறிது உள்ளே புகுந்தாலும் கிரீஸ் மோர் கலந்தாற்போல் வெளுத்துவிடும். பின்னர்த் துரு ஏறி உருளைகள் புள்ளி புள்ளியாய்ப் பொரியும். அப்பால் ஹப் சூடேறும், உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடையும், முடிவில் அச்சு முனையையும் அரைத்துவிட்டுச் சக்கரம் வெளியேறும். இவ்வளவுக்கும் இடங்கொடாமல் ஹப்பின் உட்பக்க வாயைக் காப்பது சீல். வெளிப்பக்க வாய்க்கு மூடி உண்டு. அது ஹப்போடு சேர்ந்தே சுழல்வதால் எதனோடும் உரச வேண்டியதில்லை, ஆதலின் அங்கே தொந்தரவு குறைவு. உட்பக்கத்திலோ, நம் ஊர் இருசக்கர டிரெய்லர்களிற் பெரும்பாலானவற்றில், சீல் ஹப்போடு சுழல, அதன் ரப்பர் உதடு அசையாத அச்சைப் பற்றிக்கொண்டு வழுக்கிச் செல்ல வேண்டும். உதட்டின் பின்னால் மாலைபோற் சுற்றிய மெல்லிய சுருள்கம்பி அதை அச்சோடு அணைத்துப் பிடிக்கிறது.

மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். பழங்கிணற்றின் கைப்பிடிக் கல்லில் கயிறு ஓடிய தடத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அங்கே கல்லை அறுத்தது கயிறன்று, கயிற்றிற் பற்றிய மணல். அதுபோலவே சீலின் உதட்டிற் பதிந்த நுண்மணல், சக்கரம் சுற்றுந்தோறும், ஒரே கோட்டில் இரும்பை அராவுகிறது. வயற்சேற்றைவிட நல்ல அராவும் பொடி வேறு வேண்டுமா? நாளடைவில் தச்சர்கள் காடி என்று சொல்வது போன்றதொரு பள்ளம் அச்சைச் சுற்றி உண்டாகிறது. புதுச் சீல் போட்டவுடன் அதன் உதடு அந்தக் காடியில் இறங்கி நிற்கும். அப்போது சுருள்கம்பியின் பிடி தளரும், காடியின் கூரிய விளிம்பு உதட்டை அறுக்கும். சில வேளை காடி இராது. டிரெய்லர் மழைக்காலம் முழுதும் நின்றபடி நின்று, தடத்தில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். அதுவும் அரம்போல் உதட்டைக் கிழிப்பதே.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022-ஆம் வருஷத்துக் கரும்பு வெட்டின்போது எங்கள் டிரெய்லரின் இடது சக்கரத்துக்கு மூன்று முறை சீல் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரர் நல்ல சீலையே போட்டார் என்று இப்பொழுது அறிகிறேன். அப்பொழுது அவரைக் கடிந்துகொண்டேன். மூன்றாம் சீல் போட்ட பத்தாம் நாள், ஆலைக்குப் போகும் வழியில் ஹப்பிலிருந்து புகை கிளம்பிற்று. பாரத்தைச் சாலையோரத்தில் இறக்கி, வேறொரு டிரெய்லரைத் தேடிப் பிடித்து, மறுபடி ஏற்றி அனுப்புவதற்குள் இரண்டு நாள் கழிந்துவிட்டன. வெட்டிய கரும்பு ஒரு நாளைக்குள் அரைபடாவிட்டால் எடையும் சர்க்கரையும் குறையும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஏற்று கூலி, வாடகை, எடைக் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்த நஷ்டத்தை இங்கே எழுத மனம் வரவில்லை. ஹப்பைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவியபோது, அச்சைச் சுற்றி நகம் இடறும்படியான காடி ஓடியிருப்பது தெரிந்தது. முன் மூன்று தடவையும் அதை நானும் பார்த்தேன், பட்டறைக்காரரும் பார்த்தார். இருவரில் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஆகையால் முதற் காரியம் தொட்டுப் பார்த்தலேயாகும். டிரெய்லரின் மற்றைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் கனமான மரக்கட்டைகளை அடுக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி அடியிற் கை நீட்டலாகாது. ஹப்பை உருவிய பின், அச்சைத் துடைத்து, விரல் நகத்தை அச்சின் நீளவாக்கில் தடத்தின் குறுக்கே இழுத்துப் பார்க்கலாம். பளபளப்பான கோடு மாத்திரம் தெரிந்து நகம் இடறாவிட்டால் புதுச் சீல் ஒன்றே போதும். நகம் இடறினால் தடத்தைச் செப்பனிடாமற் சீல் போடுவது வீண் செலவு. பேரிங் உட்காரும் இடமும் தேய்ந்து, பேரிங் வளையம் கையால் அசைக்கும்படி தளர்ந்திருந்தாலோ, அச்சு முனை சூட்டினால் நீலம் பூத்திருந்தாலோ, செப்பனிடும் எண்ணத்தை விட்டு முனையையோ அச்சையோ மாற்றிவிட வேண்டியதே. இன்னொரு சோதனையும் உண்டு. சதுர அச்சிலிருந்து உருண்டை முனை தொடங்கும் மூலையில் மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவ வேண்டும். அங்கே வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து மயிரிழை போன்ற கோடு தோன்றும். கொல்லர்கள் நெடுங்காலமாய் அறிந்த இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. கோடு தெரிந்த அச்சில் ஒரு மூட்டைகூட ஏற்றலாகாது.

காடி மட்டுமே குறையென்று கண்டால் மூன்று வழிகள் உண்டு. மிக மலிவானது சீலை இடம் மாற்றி வைப்பது. ஹப்பிற் சீல் அமரும் குழிக்கு ஆழம் மிச்சம் இருந்தால், சீலின் பின்னால் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையம் வைத்து, உதடு காடியைவிட்டு விலகித் தேயாத இடத்திற் படும்படி செய்யலாம். அவ்வாறு நகர்ந்த உதடு தடத்தின் விளிம்புக்கு அப்பாற் போகாமலும், சீல் பேரிங்கின் கூட்டையோ அச்சின் தோளையோ தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழி ஒரு தடவைக்குத்தான் உதவும். ஆயினும் வெட்டுக் காலத்தின் நடுவிற் சிக்கிக்கொண்டவருக்கு இது பெரிய உபகாரம்.

இரண்டாவது, மெல்லிய ஸ்லீவ் போடுதல். துருப்பிடியாத எஃகில், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனமே உள்ள உறை இது. தேய்ந்த தடத்தின்மேல் இதை இறுக்கமாய் ஏற்றிவிட்டால் பழைய அளவுச் சீலையே போட்டுக்கொள்ளலாம், அச்சைக் கடைய வேண்டியதில்லை. அளவை எடுக்கும்போது காடியின்மேல் எடுக்காமல், பக்கத்திலே தேயாத இடத்தில் வெர்னியரால் இரண்டு மூன்று பக்கமும் அளந்து, அதற்கேற்ற உறையை வாங்க வேண்டும். காடி ஆழமாயிருந்தால் உலோகப்பொடி கலந்த எபாக்ஸிப் பசையால் அதை நிரப்பி மட்டப்படுத்தி, பசை காயுமுன்பே உறையை ஏற்ற வேண்டும். நிரப்பாமல் ஏற்றினால் உறை காடியின்மேல் ஆதரவின்றி நின்று நாளடைவிற் குழியும். உறையோடு கூடவே வரும் குப்பியை அதன்மேல் வைத்து அந்தக் குப்பியின் நடுவில் தட்ட வேண்டுமேயல்லாமல், சுத்தியலை உறையின்மேற் காட்டலாகாது. சுத்தியல் ஒருமுறை பட்டாலும் அந்த இடத்திற் சீல் ஒழுகும். கவனமாகச் செய்தால் அரைமணி நேரத்து வேலை. குறை யாதெனில், நம் சிறு பட்டணத்துக் கடைகளில் எல்லா அளவும் கிடைப்பதில்லை. உள்ளூர்ப் பட்டறைகளிற் செய்த அச்சுக்கள் பலவும் எந்த அளவுக்கும் ஒத்து வருவதுமில்லை.

ஆதலால் மூன்றாவது வழியே நமது கிராமங்களுக்கு மிகவும் ஏற்றதென்பது என் அபிப்பிராயம். அது, கடைசல் பட்டறையிற் கனத்த வளையம் ஒன்றைச் செய்து அச்சின்மேற் காய்ச்சி ஏற்றுவது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா காய்ச்சிப் போடுவதைப் பார்த்திருக்கும் நமக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே பல பட்டறைக்காரர் செய்யும் பிழை ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். வளையத்துக்கு இடம் உண்டாக்குவதற்காக அச்சையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் கடைந்துவிடுகிறார்கள். சீல் தடம் இருப்பதோ முனையின் அடிமூலையில். பாரத்தினால் அச்சு வளையும் விசை மிகுதியாய்த் தாக்கும் இடம் அதுவே. அங்கே சன்னமாக்கி, கூரிய மூலையும் விட்டுவைத்தால், இன்றைக்குச் சீல் ஒழுகுவது நின்று நாளைக்கு அச்சே முறியும்.

அச்சைக் குறைக்காமல் சீலை மாற்றிக்கொள்வதே இதற்குத் தக்க வழி. ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். முதலாவது அச்சின் குறுக்களவு, இரண்டாவது குழியின் குறுக்களவு, மூன்றாவது கனம், எல்லாம் மில்லிமீட்டரில். உதாரணமாக உங்கள் சீல் 65, 90, 10 என்று இருந்தால், அதே வெளியளவுள்ள 70, 90, 10 சீலும் கடையிற் கிடைக்கும். அப்போது அச்சின் தடத்தைச் சுத்தமும் வட்டமும் ஆக்கும் அளவுக்கு மட்டும் இலேசாகக் கடைந்து, வெளியளவு 70 மில்லிமீட்டராகிய வளையத்தை அதன்மேல் ஏற்றினால், ஹப்பையும் தொட வேண்டாம், அச்சின் பலமும் குன்றாது. வளையத்தின் உள்ளளவு அச்சைவிட ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு சிறியதாயிருக்கட்டும். அதைச் சுமார் 200 டிகிரிக்குக் காய்ச்சினால் மேற்படி குறைவுக்கு இரட்டிப்புக்கும் மேலாக விரியும், கையுறையோடு எடுத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்த் தோளில் உட்காரும். உலையிற் செக்கச்சிவக்கக் காய்ச்சினால் வளையம் கோணிவிடும். ஊசி உருளைப் பேரிங்கின் உள்வளையம் சில சமயம் அளவிற் பொருந்தும். அது கடினப்படுத்தி மெருகிட்டதாதலின் நாம் கடைந்த வளையத்தைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் அதை 120 டிகிரிக்கு மேற் காய்ச்சலாகாது. எந்த வளையமானாலும், அதற்கும் அச்சுக்கும் இடையே நீர் கசியாதபடி பூட்டுப் பசை சிறிது தடவுதல் நலம்.

வளையத்தின் மேற்புறம் எவ்வளவு நயமாயிருக்கிறதோ அவ்வளவுக்குச் சீல் உழைக்கும். 0.2 முதல் 0.8 மைக்ரான் வரை சொரசொரப்பு இருக்கலாம் என்பது சீல் செய்வோர் கொள்ளும் அளவு. லேத்தின் உளி விட்ட கோடுகள் கண்ணுக்குத் தெரியாத திருகு மரைபோல் ஓடும். சக்கரம் சுழலும்போது அவை கிரீஸை வெளியேயோ நீரை உள்ளேயோ இறைத்துவிடும். ஆதலின் சாணை பிடித்தோ, எமரிப் பட்டையை ஒரே இடத்தில் வைத்துச் சுற்றியோ முடிக்கச் சொல்ல வேண்டும். வெளிப்பக்க விளிம்பைச் சரிவாக மழுக்கச் சொல்வதும் அவசியம். ஹப்பை ஏற்றும்போது சீலின் உதடு அந்த விளிம்பைக் கடந்துதான் உள்ளே போகிறது. காடி விழுந்த பழைய தடத்தை எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளத்தைத் தேய்த்து மேடாக்க முடியாது. சுற்றிலும் உள்ளதையும் பள்ளமாக்கத்தான் முடியும்.

இனி வெல்டிங். இதைப்பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சாலையோரப் பட்டறைகளில், காடியின்மேல் கம்பியை உருக்கி ஊற்றி, கைச் சாணையால் உருட்டாக்கி, "அச்சு புதிதாகிவிட்டது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அச்சுக்கு உபயோகிக்கும் எஃகு வேலிக் கம்பியைப் போன்ற மெத்தென்ற இரும்பன்று. அதிற் கரி அதிகம். முன்னே சூடேற்றாமலும் பின்னே மெல்ல ஆறவிடாமலும் அதன்மேல் மின்பொறி காட்டினால், உருகிய இடத்தின் அருகே எஃகு கண்ணாடிபோற் கடினமாகி நொறுங்கும் தன்மையை அடைகிறது. மயிரிழை வெடிப்புக்கள் அங்கே பிறக்கின்றன. சாலைக் குழிகளில் ஏறி இறங்குந்தோறும் அவை வளர்ந்து, ஒரு நாள், பாரம் மிகுந்த நேரம் பார்த்து, முனை ஒடிந்து விழும். கைச் சாணையால் வட்டம் உண்டாகாது என்பது வேறு. பேரிங்கைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் மின்சாரம் அதன் உருளைகள் வழியே பாய்ந்து அவற்றையும் குழிப்படுத்தும். முறையாக முன்சூடு ஏற்றி, ஈரமில்லாத தக்க கம்பியால் நிரப்பி, மணலிலோ சாம்பலிலோ ஆறவிட்டு, லேத்திற் கடைந்து கொடுக்கும் பெரிய பட்டறைகள் இல்லாமலில்லை. அங்கே கொண்டுபோகத் துணிந்தவர் வளையம் போடவும் துணியலாமே!

தடம் புதிதான பிறகு ஹப்பைப் பூட்டுவதிலும் சில கவனிக்கத் தக்கவை. சீலைச் சுத்தியலால் ஒரு பக்கமாக அடிக்காமல், தட்டையான மரப்பலகையை மேலே வைத்துச் சமமாக இறக்க வேண்டும். உதட்டுக்குக் கிரீஸ் தடவாமல் ஏற்றினால் முதல் மைலிலேயே அது கருகும். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பின் சிறிது தளர்த்தி, கைக்கு இலேசாகத் தெரியும் ஆட்டம், அதாவது ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்குக்கு அதிகப்படாதது, மிஞ்சும்படி செய்து, புதிய காட்டர் பின்னைப் பூட்ட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது தகாத சிக்கனம். மரவண்டிக்குக் கடையாணி எப்படியோ டிரெய்லருக்கு இது அப்படி. பேரிங் தளர்ந்து ஆடினால் சீலின் உதடு ஒரு புறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் அழுந்தும். புதுத் தடமும் விரைவிற் கெடும். கிரீஸ் விஷயத்தில் தாராளம் உதவாது. பேரிங் உருளைகளின் இடுக்கெல்லாம் நிறைய அடைத்து, ஹப்பின் நடுக் குழியில் பாதிக்கு மேற் போகாமல் வைத்தாற் போதும். நிப்பிள் உள்ள ஹப்பில், நிறைந்த பின்னும் கிரீஸ் கன்னை அழுத்திக்கொண்டிருந்தால் சீலே பெயர்ந்து வெளியே வரும்.

இவ்வளவும் செய்தவர்கள் ஒரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தூரத்திலிருந்து ஓடி வந்த டிரெய்லரைச் சூட்டோடு வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறோம். சூடான ஹப் திடீரென்று குளிரும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, சீலின் உதட்டு வழியே நீரை உறிஞ்சுகிறது. அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி, ஹப்பின்மேற் கை வைத்துச் சூடு ஆறிற்றென்று தெரிந்த பிறகு கழுவினால் என்ன குறைந்துபோகும்? வைக்கோற் கட்டுக்களின் நைலான் கயிறும் இப்படியே. அது அச்சைச் சுற்றிக்கொண்டு சீலின் இடுக்கில் நுழைந்து உதட்டை அறுப்பதைப் பல டிரெய்லர்களிற் கண்டிருக்கிறேன். கயிற்றை அன்றன்றைக்கே அறுத்தெடுக்க ஒரு கத்தி போதும்.

கிராம அதிகாரிகளுக்கும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்த டிரெய்லரை உடையவன் நஷ்டப்பட்டாவது கற்றுக்கொள்கிறான். வாடகைக்கு விடும் டிரெய்லருக்கோ அப்படி ஒருவன் இல்லை. இன்று எடுத்தவன் நாளைக்குத் திருப்பிவிடுகிறான், ஒழுகுவதைப் பார்த்தாலும் சொல்வதில்லை, சொன்னாற் செலவு தன் தலையில் விழுமென்ற பயம். ஆதலின் டிரெய்லர் வாடகைக்கு விடும் ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஹப்பைத் திறந்த தேதி, சீலின் எண்கள், தடத்தின் நிலை ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். ஒரே சக்கரத்துக்கு ஒரு போகத்தில் இரண்டாம் முறை சீல் மாற்றப்பட்டதாக அந்தப் பக்கத்திற் கண்டால், மூன்றாம் சீல் வாங்க அனுமதி கொடாமல், அச்சைப் பட்டறைக்கு அனுப்ப உத்தரவிடலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு வெர்னியரும், பேரிங் கழற்றும் புல்லரும், சங்கத்து டிரெய்லர்களுக்குரிய அளவில் நாலைந்து சீலும் வளையமும் வாங்கி வைத்திருந்தால், சுற்று வட்டாரத்துக் குடியானவர்களுக்கும் குறைந்த வாடகையில் உதவலாம்.

இதைச் செலவு என்று ஆக்ஷேபிக்கும் நிர்வாகிகள் உண்டு. பழைய டிரெய்லர்தானே, எத்தனை நாளைக்கு என்பது அவர்கள் வாதம். பழைய டிரெய்லரும் புதிய டிரெய்லரைப் போலவே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் நடந்து போகும் சாலையில்தான் ஓடுகிறது. சக்கரம் கழன்றால், பின்னால் வரும் சைக்கிள்காரனுக்கு அது பழையதென்று தெரியப் போவதில்லை. பெட்டி துருப்பிடித்திருந்தாலும் பாதகமில்லை, பலகை உடைந்திருந்தாலும் கோணியைக் கட்டி ஓட்டலாம். சக்கரத்தைத் தாங்கும் முனையில் அப்படிச் சமாளிக்க இடமில்லை.

இந்த வேலைக்குத் தகுந்த காலம் சித்திரை, வைகாசி. கரும்பு வெட்டு ஓய்ந்து, வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு விதையும் எருவும் ஏற்றத் தொடங்குமுன், டிரெய்லர் சும்மா நிற்கும். கடைசல் பட்டறைகளிலும் அறுவடைக் காலத்து நெருக்கடி இராது, அளவெடுத்துப் பொறுமையாகச் செய்து கொடுப்பார்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகவே கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இடது தடத்தில் காடி விழுந்திருந்தால், அதே சேற்றில் ஓடிய வலது தடத்திலும் நகத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.